யாருக்க பாட்டுன்னே தெரியல, ஆனா மண்டைய விட்டு போகல. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

மார்த்தாண்டம்_மக்கா

போன்ல சார்ஜ் ஏறல, பாலத்துக்கு கீழ ஒரு கடைல குடுத்தேன். சார்ஜ் பின் மாத்திட்டு ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாக்க அந்த பையன் அவனுக்க மெமரி கார்ட போட்டு ஒரு பாட்ட ஓட விட்டான். சாதாரணமா குத்துப்பாட்டுதான் போடுவாங்க, இது மொதல்ல வெறும் பேஸ் கிட்டார், ஒரே வரி திரும்ப திரும்ப ஓடுது, பொறவு ட்ரம்ஸ் வேணும்னே கொஞ்சம் இழுத்து பிந்தி வந்து விழுது, அதுக்கு மேல ஒருத்தன் கத்தாம பேசுற மாதிரியே பாடுறான். திங்கள்சந்தைக்கு கடைசி பஸ்ஸு போயாச்சு, இனி நடக்கணும், அவ்வளவுதான் விஷயம். எனக்கு கையெல்லாம் புல்லரிச்சு போச்சு. நம்ம திங்கள்சந்தை! ராக் பாட்டுல!

யாரு பாடினதுன்னு கேட்டேன். பழைய போன் ஒண்ணு விலைக்கு வந்துச்சாம், அதுல கெடந்த கார்டாம், அவனுக்கும் ஒண்ணும் தெரியாது. ஃபைலுக்கு பேரு 'புதுசு 3'. ப்ளூடூத்ல எனக்கு அனுப்பி தந்தான். ஆனா ஃபைல் முழுசா இல்ல, கோரஸ் எடுக்கப்போற இடம் வருதுல்லா, கிட்டார் ஏறி ட்ரம்ஸ் உருண்டு வந்து இப்போ ஒடைக்க போறான்னு நெனைக்கும்போ, டக்குன்னு கட் ஆயிடுது. டெய்லி கேக்கேன், டெய்லி அந்த இடத்துல நின்னு போகுது. பாட்டு கண்டுபிடிக்கற ஆப்ல போட்டு பாத்தாச்சு, ஒண்ணும் வரல. அப்போ கண்டிப்பா நம்ம ஊரு பேண்டுதான். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா பரவால்ல, இந்த மாதிரி ஒரு புது பாட்டு உங்களுக்கு எங்க வச்சு கெடச்சதுன்னாவது சொல்லுங்க.

இரணியல்_ரிதம்

மக்கா எனக்கு உடனே ஓர்மை வந்தது கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ். டிசம்பர்ல மினி லாரில ஜெனரேட்டர் வச்சு வீடு வீடா போவோம்லா, நான் ட்ரம் பேட், கிட்டார் எங்க சர்ச் அண்ணன் ஒருத்தரு. நடுராத்திரி தாண்டியாச்சு, ஒரு வீட்டுல கட்டஞ்சாயாவும் கேக்கும் குடுத்தாங்க, எல்லாரும் எறங்கி போயாச்சு, அண்ணன் மட்டும் லாரிலயே உக்காந்து ஆறாவது கம்பிய ஈ-லேருந்து டி-க்கு எறக்கி ட்யூன் பண்ணாரு, கிட்டார் சத்தத்த கரகரப்பாக்கற டிஸ்டார்ஷன் பெடல மிதிச்சாரு, திரும்ப திரும்ப வர்ற மாதிரி ஒரு ரிஃப் வாசிச்சாரு பாருங்க. தெருவுல கேக் தின்னுட்டு நின்ன பயக்க எல்லாம் வாய தொறந்தபடி நிக்கானுவ. திண்ணைல இருந்த அந்த வீட்டு பாட்டி, "இது பாமாலையா கீர்த்தனையா மக்களே, நான் கேட்டதே இல்லியே"ன்னு கேட்டாங்க. அண்ணன், "இது எனக்க பாட்டு பாட்டி"ன்னாரு. பாட்டி, "அப்போ இன்னொரு மட்டம் வாசி"ன்னாங்க. வாசிச்சாரு, இந்த மட்டம் பாடவும் செஞ்சாரு.

நம்ம கன்னியாகுமரி ஜில்லால கிட்டாரும் கீபோர்டும் ட்ரம்ஸும் வாசிக்கற பிள்ளைங்களுக்கு பஞ்சமே கெடையாது, ஞாயித்துக்கிழமை எந்த சர்ச்சுல போயி பாத்தாலும் கொயர்ல நாலு பேரு நல்லா வாசிப்பாங்க. சொந்தமா பாட்டு வச்சிருக்கவங்களும் இருக்காங்க, அத வாசிக்கத்தான் ஒரு இடம் கெடையாது. அந்த அண்ணன் அடுத்த வருஷம் சவுதிக்கு போயாச்சு.

வடசேரி_ஆடியோ

மார்த்தாண்டம் தம்பி, ஆப்ல வரலங்கறதுக்காக நம்ம ஊரு பேண்டுன்னு முடிவு கட்டாத. அந்த ஆப் பாட்ட புரிஞ்சிட்டு சொல்லாது. சத்தத்துல எந்த நேரத்துல எந்த ஃப்ரீக்வென்சி தூக்கி நிக்குதுன்னு புள்ளி புள்ளியா எடுத்து அதுக்க டேட்டாபேஸ்ல இருக்கற ரெக்கார்டிங்கோட ஒத்து பாக்கும். ஆப்புக்கெல்லாம் பாட்ட ஏத்தி விடற டிஸ்ட்ரிப்யூட்டர் வழியா ரிலீஸ் ஆகாத டெமோ, அதாவது சும்மா மாதிரிக்கு எடுத்த ரெக்கார்டிங், அதுல இருக்காது, அதே பேண்டு அதே பாட்ட மேடைல வாசிச்சாலும் அனேகமா சிக்காது. மெட்ராஸ்ல ரூம் எடுத்து தங்கிருக்க திங்கள்சந்தை பையன் அங்க வச்சு பாடினதா கூட இருக்கலாம்.

எனக்க கதை சின்னது. மணக்குடி பாலத்துல பைக்க நிறுத்திட்டு நிக்கும்போ ஆட்டோப்ளேல பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ-ங்கற டெல்லி பேண்டோட பாட்டு வந்தது, 2019 ஆல்பம், பிஸ்மில்லா. ஆல்பம் முடியற வரைக்கும் வண்டிய எடுக்கல.

இனி தேடற விஷயத்துக்கு வாரேன். உனக்கு கேக்கற வரிய அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டு யூட்யூப்ல தேடு, ஒரு தடவ தமிழ்ல, ஒரு தடவ இங்கிலீஷ் எழுத்துல. வ்யூஸ பாக்காத, கீழ வரைக்கும் போ, நூறு வ்யூ இருக்கற வீடியோலதான் இந்த மாதிரி பாட்டெல்லாம் கெடக்கும். பேண்டுங்க நேரடியா பாட்டு விக்கற பேண்ட்கேம்ப் சைட்டுல ஊர் பேரு டேக் வச்சு தேடலாம், சென்னைன்னு போட்டா ஒரு உலகமே வரும். அங்க டிஜிட்டலா வாங்கினா சைட்டு பொதுவா எடுக்கறது 15 சதவீதம், மிச்சம் பேமெண்ட் சார்ஜ் போக பேண்டுக்கு. 2020 மார்ச்சுலேருந்து சில வெள்ளிக்கிழமைகள்ல அந்த 15-உம் எடுக்காம விடுவாங்க, வாங்குறதா இருந்தா அன்னைக்கு வாங்கு. ஸ்பாட்டிஃபைல 2024-லேருந்து ஒரு பாட்டுக்கு 12 மாசத்துல 1000 ஸ்ட்ரீம் வரலன்னா அந்த பாட்டுக்கு காசே கெடையாது, அதனால பிடிச்ச புது பேண்ட சும்மா லைக் போட்டுட்டு போகாத, திரும்ப திரும்ப கேளு, நாலு பேருக்கு அனுப்பு.

இன்னொண்ணு, பாட்டுல யாரு என்ன பண்ணினாங்கன்னு போட்டிருக்கற க்ரெடிட்ஸ் வாசி. பேஸ் யாரு, மிக்ஸிங் யாருன்னு பாத்து அந்த ஆளு வேற எங்க வாசிச்சிருக்காருன்னு போனா ஒரு பாட்டுலேருந்து பத்து பேண்டு கெடைக்கும். மெட்ராஸ் மியூசிக் ஆளு டென்மா பேர பிடிச்சுட்டு போனீங்கன்னா, பாடகர் கபேர் வாசுகியோட சேந்து பண்ணின குரங்கன் பேண்டும் வரும், டைரக்டர் பா. ரஞ்சித் கூட ஆரம்பிச்ச கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டும் வரும். எனக்கு பாதி பேண்டு இப்படி கெடச்சதாக்கும்.

பார்வதிபுரம்_பேஸ்

வடசேரி அண்ணே, அந்த தம்பி கேட்டது அனுபவம், நீங்க க்ளாஸே எடுத்துட்டீங்க. ஆனா க்ரெடிட்ஸ் விஷயம் ரொம்ப சரி.

எனக்கு நடந்தது குழித்துறைலேருந்து திருவனந்தபுரம் போற ட்ரெயின்ல. நிக்க இடமில்ல, பக்கத்துல கழுத்துல ஐடி கார்டு போட்ட ஒரு காலேஜ் பையன் கைய பேஸ் பிடிக்கற மாதிரி வச்சு வெரல ஆட்டிட்டே நிக்கான். நானும் பேஸ் வாசிக்கறவன்லா, அவனுக்க வெரல பாத்தே இது என்ன லைன்னு மனசுக்குள்ள வாசிச்சு பாத்துட்டு இருந்தேன், அவன் அத கவனிச்சுட்டு ஒண்ணும் பேசாம ஒரு பக்கத்து இயர்ஃபோன எடுத்து எனக்கு தந்தான். அவியல்ங்கற கேரளா பேண்டு. 2008-ல வந்த ஆல்பம், அதுல 'நட நட'ன்னு பாட்டு. சுத்த மலையாளத்துல, நாட்டுப்பாட்டு வாடையோட, அதுக்கு கீழ அந்த பேஸும் ட்ரம்ஸும். அது வரைக்கும் ராக்குன்னா இங்கிலீஷ்லதான் நிக்கும்னு நம்பிட்டு இருந்த ஆளு நான், ஏன்னா மெட்ராஸ்ல எனக்கு தெரிஞ்ச ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட், எஃப்16ஸ் எல்லாம் பாடினது இங்கிலீஷ்லதான். பாறசாலை தாண்டும்போ எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு. மலையாளத்துல இது வரும்னா தமிழ்ல ஏன் வராது, நம்ம பேச்சுல ஏன் வராதுன்னு அன்னைக்கு தொடங்கின வெப்ராளம் இன்னும் தீரல. அந்த பையன் பேரு கூட தெரியாது.

2018 ஜனவரில கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மெட்ராஸ்ல மொத மேடை ஏறின வீடியோ பாத்தப்போதான் தமிழ்ல அது வந்தாச்சுன்னு தோணிச்சு.

வடசேரி_ஆடியோ

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ராக் பேண்டு இல்ல தம்பி. அது கானா, கூட ராப். எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா ராக் கணக்குல சேக்க முடியாது.

பார்வதிபுரம்_பேஸ்

எலக்ட்ரிக் கிட்டாரு, பேஸு, ட்ரம் கிட்டு, கூட பறையும் சட்டி மேளமும், எதுக்கு எதிரா பாடுறோம்னு தெளிவா தெரிஞ்ச வரி. இது ராக் இல்லன்னா பின்ன எது அண்ணே ராக்? கானா பாடினா கிட்டாரு கிட்டாரு இல்லாம ஆயிடுமா? இந்த கணக்கு போட்டு போட்டுதான் நம்ம பயக்க சொந்தமா பண்ண பயப்படுதானுவ.

குளச்சல்_அக்கா

நீங்க ரெண்டு பேரும் அத பொறவு தீத்துக்கோங்க. நான் மெமரி கார்டுக்கு வாரேன்.

திங்கக்கிழமை வந்தா ஸ்பாட்டிஃபைல டிஸ்கவர் வீக்லி புதுசா வரும்லா, நான் மீன் கழுவும்போ அத போட்டு விடுவேன். ஒரு நாள் ஒரு கிட்டாரு வந்திச்சு. பாஷை ஒண்ணும் வெளங்கல, ஆனா அந்த கிட்டாரு ஒரு இடத்துல நிக்காம சுத்தி சுத்தி ஏறிட்டே போகுது. கையெல்லாம் செதிலு, போன தொட முடியாது, பேர பாக்கணும்னு தவிச்சு போயி மொவன விளிச்சு பாக்க சொன்னேன். எம்டூ மோக்டார். ஆப்பிரிக்கால நைஜர் நாடு, சஹாரா பாலைவனத்து துவாரெக் இனத்து ஆளு.

பொறவு அவர பத்தி தேடி தேடி வாசிச்சேன். சின்னதுல கிட்டாரு வாங்க வழியில்லாம சைக்கிள் ப்ரேக் கம்பிய கட்டி சொந்தமா செஞ்சு வாசிச்சு பழகினவரு. மொத ஆல்பம் 2008-ல நைஜீரியால வச்சு ரெக்கார்ட் பண்ணது, அது கடைக்கு வரல. சஹாரா முழுக்க மெமரி கார்டுலயும் ப்ளூடூத்லயும் போனுக்கு போன் மாறி மாறி போயிருக்கு, பாட்டு எல்லாருக்கும் தெரியும், பாடினது யாருன்னு நெறைய பேருக்கு தெரியாது. அமெரிக்கால சஹேல் சவுண்ட்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி நடத்தற ஆளு அந்த மாதிரி போன்ல கெடந்த பாட்ட எல்லாம் சேத்து ஒரு தொகுப்பா போட்டாரு, அப்போ இவருக்க பாட்டும் இருந்திச்சு, அப்புறந்தான் பாடினது யாருன்னு தேடி கண்டுபிடிச்சாரு. 2021-ல மேட்டடார்ங்கற பெரிய இண்டி கம்பெனி அவருக்க ஆல்பத்த வெளியிட்டாச்சு.

அதனால மார்த்தாண்டம் தம்பி, 'புதுசு 3'-ன்னு இருந்தா 1-உம் 2-உம் எங்கியோ இருக்கணும்லா. அந்த கடைக்கு திரும்ப போயி அந்த போன வித்தது யாருன்னு கேளு. நம்பர் இல்லாமலா போன் எடுத்திருப்பான்.

மார்த்தாண்டம்_மக்கா

அக்கா அது எனக்கு தோணவே இல்ல, நாளைக்கே போறேன். வடசேரி அண்ணே, வரிய வச்சு தேடினேன், யூட்யூப்ல திங்கள்சந்தை மாட்டுச்சந்தை வீடியோதான் வருது, இன்னும் கீழ போயி பாக்கேன்.

இரணியல் அண்ணே, அந்த லாரி பாட்ட யாராவது போன்ல எடுத்தாங்களா?

இரணியல்_ரிதம்

என்கிட்ட இருக்கு. ஜெனரேட்டர் சத்தம் பாதி, பாட்டு பாதி. நடுவுல பாட்டி பேசறதும் கேக்கும்.

வடசேரி_ஆடியோ

அவருகிட்ட கேக்காம எங்கயும் போட்டுடாத. அது அவருக்க சொத்து. ஜெனரேட்டர் சத்தம் ஒரே சீரா இருந்தா இரைச்சல கொறைக்கற நாய்ஸ் ரிடக்ஷன்ல ஓரளவு எடுக்கலாம், ஆனா ரொம்ப எடுத்தா கிட்டாரோட கரகரப்பும் சேந்து போயிடும், கொஞ்சம் விட்டுடணும். அவருக்கு சம்மதம்னா ஃபைல எனக்கு அனுப்பு, எம்பி3-யா மாத்தாம ஒரிஜினல் ஃபைல அப்படியே அனுப்பு. வாட்சப்ல சாதா ஆடியோவா அனுப்பாத, டாக்குமெண்டா அனுப்பு.

பார்வதிபுரம்_பேஸ்

பேஸ் வேணும்னா நான் வாசிச்சு தாரேன். காசு வேண்டாம்.

இரணியல்_ரிதம்

அண்ணனுக்கு அங்க வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுக்கு விளிச்சு முடிச்சிட்டு எனக்கும் விளிப்பாரு. கேக்கேன். இப்போ கிட்டாரு கைல இல்லன்னு போன மட்டம் சொன்னாரு, பேஸ் வாசிக்க ஆளு இருக்குன்னு சொன்னா அங்க ஒண்ணு வாங்கினாலும் வாங்குவாரு.