ரத்தம் வருகிறது, திரும்பிப் போகவில்லை: உங்களுக்கு நடந்தது என்ன?

தோசைக்கடைக்காரர், ரங்கூன்

முப்பது வருஷமாக நின்றே தோசை சுடுகிறேன். விடியற்காலை 4 மணிக்குக் கல்லைச் சூடேற்றினால் மதியம் வரை உட்காரும் பேச்சே கிடையாது. இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது (நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது ரத்தக் குழாய்தான்). அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்று விட்டுவிட்டேன். அப்புறம் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் தேக்குப் பலகை நிறத்துக்கு மாறி அரிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் கேஸ் சிலிண்டரில் இடித்துக்கொண்டதில் மிளகு அளவு புண். ஏழு மாதம் ஆறவில்லை. சர்க்கரை இருக்குமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. மஞ்சள் பூசினேன், தனாக்கா (இங்கே முகத்துக்குப் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசினேன், மருந்துக்கடையில் கேட்டு ஆண்டிபயாடிக்கும் விழுங்கினேன்.

கடைசியில் பார்த்த செயாமா (டாக்டரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) புண்ணைத் தொடவே இல்லை. முதலில் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். "ரத்தம் நன்றாகத்தான் இறங்குகிறது. மேலே ஏறத்தான் மாட்டேன் என்கிறது" என்றார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுமாம். அது மறுபடி கீழே விழாமல் சிரைகளுக்குள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் நின்றால் பிழிவது யார்? கதவுகளும் தளர்ந்துபோனால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. அழுத்தம் தாங்காமல் நீரும் சிவப்பணுக்களும் மெல்லிய குழாய்களிலிருந்து வெளியே கசிகின்றன. அந்த அணுக்களின் இரும்புதான் தோலில் பழுப்பாகப் படிகிறது. அந்தத் தேக்கத்தில் ஊறிக் கிடக்கும் தசைக்குப் புண்ணை ஆற்றும் தெம்பு இல்லை.

வைத்தியம் என்ன தெரியுமா? விரலடியிலிருந்து முழங்கால் வரை அழுத்தமான துணிக்கட்டு, காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே. ராத்திரி அந்தக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். மூன்று மாதத்தில் மூடிவிட்டது. நீங்களாகக் கட்டிக்கொள்ளாதீர்கள். ரத்தம் இறங்குவதிலேயே அடைப்பு இருப்பவர் இறுக்கிக் கட்டினால் பாதமே போய்விடும். நாடி பார்த்தது அதற்குத்தான்.

பெகு வயல்காரன்

அண்ணே, நீங்கள் கட்டிப் பிழைத்தீர்கள், எங்கள் சித்தப்பா கட்டியதால் கெட்டார். அறுவடையில் கண்ணாடி விரியன் கணுக்காலில் போட்டது. கூட இருந்தவர்கள் மாட்டுக்கயிற்றை முழங்காலுக்குக் கீழே இறுக்கிவிட்டார்கள். விஷம் ஏறக்கூடாதாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம். அதற்குள் கயிற்றுக்குக் கீழே கால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, தொட்டால் ஜில்லென்று இருந்தது.

பிறகு டாக்டர் சொன்னது: சிரை மெலிசு, முதல் இறுக்கிலேயே அடைந்துவிடும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி அதற்கு மசியாது, உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே போகாத ரத்தம் காலை உப்ப வைக்கிறது. இன்னும் இறுக்கினால் தமனியும் நின்று சதை அழுகும். கயிற்றைப் பார்த்ததும் நான் அவிழ்க்கப் போனேன், நர்ஸ் கையைத் தட்டிவிட்டார். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் பாயும் என்று, ஊசி வழியாக விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பித்த பிறகுதான் தளர்த்தினார்கள். கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தார்கள். தண்ணீராக ஓடியது. உறையும் சக்தியை விஷம் தின்றுவிட்டதாம்.

உயிர் பிழைத்தார். இரண்டு விரல் போயிற்று. அது விஷத்தால் போனதா கயிற்றால் போனதா என்று வீட்டில் இன்றும் சண்டை. என் ஓட்டு கயிற்றுக்கு.

மௌல்மீன் மகள்

அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே கனம், பசியில்லை, கண் லேசாக மஞ்சள். காமாலைதான் என்று முடிவுகட்டி இரண்டு வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். கால் வீங்கியதைக் கவனித்தும், நடையால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். ஸ்கேன் பார்த்தவர் ஈரலில் நோயே இல்லை என்றார். இதயத்தின் வலது பக்கம் சோர்ந்துவிட்டது, அங்கே நுழைய முடியாத ரத்தம் பின்வாங்கி ஈரலில் தேங்கியிருக்கிறது. அப்படித் தேங்கிய ஈரலை வெட்டிப் பார்த்தால் ஜாதிக்காயின் உட்புறம் போலவே கோடு கோடாக இருக்குமாம், மருத்துவப் புத்தகத்திலும் அதே பெயர்தானாம். அதற்கப்புறம் ஜாதிக்காயை நான் சமையலில் போடுவதில்லை.

நீர் மாத்திரையும் உப்புக் குறைப்பும் ஆரம்பித்து, தினமும் எடை பார்த்தோம். எடை இறங்க இறங்க மஞ்சளும் இறங்கியது.

சிரியம் அக்கா

நான் சுருக்கமாக. மாண்டலேயிலிருந்து ராத்திரி பஸ், ஜன்னலோரம், எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தது. மாமியார் நல்லெண்ணெயைச் சுடவைத்து உருவிவிட உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துத் தடுத்தார். உள்ளே உறைந்த கட்டி இருந்தது. உருவியதில் பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை.

தோசைக்கடைக்காரர், ரங்கூன்

அக்கா, எனக்கும் வீட்டுக்காரி ஆறு மாதம் எண்ணெய் போட்டு உருவினாள். இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. மௌல்மீன் தங்கச்சி, இதயம் சோர்ந்தது என்றீர்களே, அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு வாங்குகிறதா, இரண்டு தலையணை கேட்கிறாரா? என் அண்ணன் ஒரு மாதமாக நாற்காலியிலேயே தூங்குகிறார், கேட்டால் புழுக்கம் என்கிறார். நாளைக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டு அவரைச் செயாமாவிடம் கூட்டிப்போகிறேன்.