ஆளுமை வகைத் தேர்வு நம்மை நாமே அறிய உண்மையில் உதவுமா?

புதிய அணித்தலைவர் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் அண்மையில் அனைவருக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வு நடத்தினார்கள். எனக்கு ஐஎன்டிஜே (INTJ) என்ற நான்கெழுத்து வகை வந்தது. அறிக்கையில் இருந்த பல வரிகள் என்னை நன்கு அறிந்த ஒருவர் எழுதியவை போல் இருந்ததால், அணியை வழிநடத்துவதில் என் குறைகள் எவை என்று அறிய இது உதவும் என நம்பினேன். ஆனால் அணிக்குள் நடப்பது வேறாக இருக்கிறது. ஒருவர் தாம் உள்முக வகை என்பதால் கூட்டத்தில் கருத்துக் கேட்க வேண்டாம் என்கிறார். இன்னொருவர் வேலை தாமதமானதற்குத் தம் வகையையே காரணமாகச் சொல்கிறார். இத்தேர்வை எந்த அளவுக்கு நம்பலாம், எப்படிப் பயன்படுத்தலாம்?

உளவியல் மாணவி:

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலின் கருத்துகளிலிருந்து கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் வளர்த்தெடுத்த தேர்வு இது. உள்முகம்-வெளிமுகம் போன்ற நான்கு இணைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஓர் எழுத்தால் குறித்து, 16 வகைகளில் ஒன்றில் நம்மை வைக்கிறது. மனிதர்களின் இயல்புகள் அப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கோட்டைக் கிழித்தால், கோட்டுக்குச் சற்று இப்பால் நிற்பவரும் சற்று அப்பால் நிற்பவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்களாக இருந்தும் எதிரெதிர் வகையினர் ஆகிவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மீண்டும் எழுதும்போது கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுவதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே எழுத்துகளைவிட, ஒவ்வோர் இணையிலும் உங்கள் விருப்பம் எவ்வளவு தெளிவாக வெளிப்பட்டது என்பதைப் பாருங்கள்.

அறிக்கை உங்களுக்கு மிகப் பொருந்துவதாகத் தோன்றியதையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனியே எழுதியது போலக் கொடுத்தார்; பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும், வெளிமுகத்தன்மை, பொறுப்புணர்வு போன்ற ஐந்து பண்புகளை அளக்கும் ஐம்பெரும் பண்புகள் முறை யாரையும் வகையில் அடைப்பதில்லை. ஒவ்வொரு பண்பிலும் நீங்கள் எந்த அளவில் இருக்கிறீர்கள் என்று மட்டுமே சொல்கிறது. வாய்ப்பிருந்தால் அதையும் எழுதிப் பாருங்கள்.

பயிற்சியாளர்:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் தேர்வை முற்றாக ஒதுக்க எனக்கு மனமில்லை. யோசித்து முடித்த பிறகே பேசுபவரும் பேசிக்கொண்டே யோசிப்பவரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும்போது, அந்த வேறுபாட்டைக் குற்றச்சாட்டு ஆக்காமல் பேசுவதற்கு இத்தேர்வு ஒரு பொதுமொழியைத் தருகிறது. ஆனால் அது காட்டுவது விருப்பத்தையே, திறமையை அன்று. கூட்டத்தில் பேசத் தயங்குபவருக்கு விவாதப் பொருளை முன்கூட்டியே அனுப்பி, கருத்தை எழுத்தில் பெறலாம். கருத்துச் சொல்லும் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்கத் தேவையில்லை. காலக்கெடுவுக்கும் அதுவே விதி. இத்தேர்வை ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இதை வெளியிடுவோரே சொல்கிறார்கள் என்பதையும் மேலிடத்துக்கு நினைவூட்டுங்கள்.

மூத்த மேலாளர்:

கேள்வியின் மையம் சுய அறிதல் என்பதால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இத்தேர்வில் விடை எழுதுபவர் நீங்களே; எனவே உங்களைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நம்புவதைத்தான் அது ஒழுங்குபடுத்தித் திருப்பித் தருகிறது. உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பதற்றம் போன்ற, மனத்துக்குள் நிகழும் உணர்வுகளை நாமே நன்கு அறிகிறோம் என்றும், அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்ற, நம் சுயமதிப்பு கலந்த பண்புகளை நண்பர்களே மேலும் சரியாக மதிப்பிடுகிறார்கள் என்றும் காட்டியது. தலைவராக உங்கள் குறைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கும்.

எனவே அறிக்கையிலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்களை எடுத்து, அண்மைய நிகழ்வுகளோடு ஒப்பிடுங்கள். "முடிவுகளை விரைவில் எடுப்பவர்" என்று இருந்தால், கடைசியாக எடுத்த முடிவில் யாருடைய ஆட்சேபத்தைக் கேட்டீர்கள், கேட்டபின் எதை மாற்றினீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பொருந்தாத நிகழ்வையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அதிகம் கற்றுத்தரும். பிறகு அதையே உடன் பணியாற்றும் ஒருவரிடம் கேளுங்கள்.

புதிய அணித்தலைவர்:

மிக்க நன்றி. ஆனால் எனக்குக் கீழ் பணியாற்றும் ஒருவர் என் குறையை என்னிடமே வெளிப்படையாகச் சொல்வாரா?

மூத்த மேலாளர்:

"நான் எப்படிப்பட்ட தலைவர்?" என்று கேட்டால் சொல்லமாட்டார், அந்தக் கேள்விக்குப் பாராட்டைத் தவிர வேறு பாதுகாப்பான விடை அவருக்கு இல்லை. "இன்றைய கூட்டத்தில் உங்கள் விளக்கம் முடிவதற்குள் நான் முடிவைச் சொல்லிவிட்டேனா?" என்று குறிப்பிட்ட ஒரு நிகழ்வைப் பற்றிக் கேளுங்கள். விடை கிடைத்ததும் உங்கள் தரப்பு நியாயத்தை விளக்கத் தொடங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்திலேயே அவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றை மாற்றுங்கள். அந்த மாற்றத்தைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது கேள்விக்கு அவர் மனம் திறப்பார். உங்களுக்குச் சமமான பொறுப்பில் இருக்கும் ஒருவரிடமிருந்து தொடங்கினால் இன்னும் எளிது.