மோட்டார் குழாயில் ஒட்டிய எஃப்பிஜி: பிரஷரே கொடுக்காமல் அலைநீளம் நகர்கிறது, உதவி தேவை

குழாய்மாணவன்:
வணக்கம். கல்லூரி புராஜெக்ட்டுக்காக அலுமினியக் குழாயில் சாலிட் ராக்கெட் மோட்டார் மாதிரி ஒன்று செய்திருக்கிறோம். உள்ளே எரியாத ப்ராப்பலன்ட் (ராக்கெட் எரிபொருள் மாதிரி), அதாவது எச்டிபிபி ரப்பரில் உப்புத்தூள் கலந்து வார்த்தது. வெளிச்சுவரில் ஒரே கண்ணாடி ஃபைபரில் நான்கு எஃப்பிஜி (ஃபைபர் பிராக் கிரேட்டிங்) சென்சார்கள், சுற்றுவாக்கில் எபாக்ஸியால் ஒட்டியவை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும், ஃபைபர் நீண்டாலோ சூடானாலோ அந்த அலைநீளம் நகரும். எல்லாம் 1550 நானோமீட்டர் பக்கம்.

காலையில் 26 டிகிரி, மதியம் 35. இதற்குள் எல்லா சென்சாரும் 0.33 நானோமீட்டர் அளவுக்கு மேலே போகின்றன. உள்ளே ப்ராப்பலன்ட் சுவரைவிட்டுப் பிரிகிறது, டிபாண்ட் என்கிறான் கூட இருப்பவன். மூன்றாவது சென்சாரில், திரும்பி வரும் ஒளியின் உச்சி (பீக்) இரண்டாகப் பிளந்து தெரிகிறது. அந்த ரீடிங் மட்டும் திடீர் திடீரென்று தாவுகிறது.

ஒளியிழை:
தம்பி, முதலில் கணக்குப் போடுங்கள். 1550-ல் ஒட்டாத எஃப்பிஜி ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும். ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு, அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்கு, சுமார் 1.2 பிக்கோமீட்டர். அலுமினியம் டிகிரிக்கு 23 மைக்ரோஸ்ட்ரெய்ன் விரியும், ஃபைபரின் கண்ணாடி சுமார் அரை மைக்ரோஸ்ட்ரெய்ன்தான். ஒட்டியதால் குழாய் ஃபைபரையும் சேர்த்து இழுக்கிறது. இரண்டையும் கூட்டினால் டிகிரிக்கு 37 பிக்கோமீட்டர். 9 டிகிரிக்கு 0.33 நானோமீட்டர். உங்கள் சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது!

வெப்பத்தைக் கழிக்க ஒரு எஃப்பிஜியைத் தளர்வாகக் குழாய் மேல் வைத்து, அந்த நகர்வை அப்படியே கழிக்கிறார்கள் பலர். அது 10-ஐ மட்டும்தான் கழிக்கும், 27 மிச்சம் நிற்கும். அதே அலுமினியத்தில் துண்டு ஒன்று வெட்டி, அதே எபாக்ஸியால் ஒரு சென்சாரை ஒட்டி, பிரஷர் படாமல் குழாயை ஒட்டினாற்போல் வையுங்கள்.

பழைய எபாக்ஸி:
மூன்றாவது சென்சார் மேல் டேப் அழுத்தி ஒட்டியிருக்கிறதா? இல்லை, எபாக்ஸி ஒரு பக்கம் திட்டாக நிற்கிறதா? பக்கவாட்டு அழுத்தம் இருந்தால் ஒளி அதிரும் இரு திசைக்கும் (போலரைசேஷன்) தனித்தனியாக இரண்டு உச்சி வரும். சென்சாருக்கு முன்னால் அந்தத் திசையை மாற்றும் போலரைசேஷன் கன்ட்ரோலர் போட்டுத் திருகுங்கள். ஒரு உச்சி ஏறி மற்றது இறங்கினால் அழுத்தம்தான். இரண்டும் அசையாமல் நின்றால் கிரேட்டிங் நீளம் முழுக்கத் திரிபு (ஸ்ட்ரெய்ன்) ஒரே சீராக இல்லை என்று சந்தேகப்படலாம். தாவுவது குழாய் அல்ல. சாஃப்ட்வேர் ஒரு உச்சியை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறது.

ஒளியிழை:
டிபாண்ட் விஷயம். வெயிலில் ரப்பர் அலுமினியத்தைவிட நாலு மடங்கு விரிந்து சுவரில் முட்டும். சுமார் 60 டிகிரியில் கெட்டிப்பட்ட ரப்பர், குளிரக் குளிரத்தான் உள்ளே சுருங்கி, சுவரில் ஒட்டிய இடத்தை இழுக்கும். உங்கள் நண்பர் பயப்பட வேண்டியது மதியத்துக்கு அல்ல, அதிகாலைக்கு.

இன்னொன்று: ரப்பரின் விறைப்பு சில மெகாபாஸ்கல், அலுமினியம் 70 கிகாபாஸ்கல். உள்ளே பிரிந்தாலும் வெளிச்சுவருக்கு அது தெரியவே தெரியாது. சின்ன விஷயம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் வான்டன்பர்க் ஏவுதளத்தில் டைட்டன் 34டி ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்ததற்கு, மோட்டார் உறையிலிருந்து உள் காப்புறை பிரிந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். அதனால் பிரிவதைப் பிடிக்க, ரப்பரும் சுவரும் ஒட்டியிருக்கும் இடத்துக்கே சென்சார் போக வேண்டும்.

குழாய்மாணவன்:
நன்றி அண்ணா. டேப்பை எடுத்ததும் இரண்டு உச்சியும் சேர்ந்துவிட்டன. அடுத்த வார்ப்பில் ஃபைபரை ப்ராப்பலன்டுக்கு நடுவிலேயே விட்டால்?

பழைய எபாக்ஸி:
வேண்டாம். ரப்பருக்குக் கண்ணாடி இழை கம்பி மாதிரி, அந்த இடத்தையே விறைப்பாக்கிவிடும். ரப்பர் பத்து சதவீதத்துக்கு மேலும் நீளும், ஃபைபர் ஒன்றிரண்டு சதவீதத்திலேயே அறுந்துவிடும். வார்ப்பதற்கு முன் உள்சுவர் லைனரோடு (ரப்பரைச் சுவரில் பிடிக்கவைக்கும் உள்பூச்சு) ஒட்டுங்கள். பாலிஇமைடு பூச்சுள்ள ஃபைபர் வாங்குங்கள். சாதா அக்ரிலேட் பூச்சு சூட்டில் இளகி, திரிபை முழுசாகக் கடத்தாது. ஃபைபர் வெளியேறும் விளிம்பில் டெஃப்லான் குழல் மாட்டுங்கள், பெரும்பாலும் முறிவது அங்கேதான்.