ஒபிஸில் ரோல்ஸ், கேக் தட்டு வரும்போது எப்படி வேண்டாம் என்கிறீர்கள்?

ஹட்டன்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது, ஹட்டன் டவுனில் ஒரு ஒபிஸில் கணக்குப் பகுதியில் வேலை. போன மாதம் வெறும் வயிற்றில் இரத்தம் பார்த்ததில் சீனி 114 என்று வந்தது. டொக்டர் மருந்து எழுதவில்லை, சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டு மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்.

வீட்டில் எனக்குக் கஷ்டமில்லை. இரவுக்குக் குரக்கன் ரொட்டி, கீரை என்று மாற்றிவிட்டேன். ஒபிஸில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. பத்து மணிக்குக் கீழே உள்ள பேக்கரியிலிருந்து பையன் தட்டோடு வருவான், ரோல்ஸ், பெட்டிஸ், மாலு பாண் எல்லாம் சுடச்சுட, வெளியே மழையும் பனியுமாக இருக்கும், அந்த வாசனை வந்தவுடன் கை தானாக நீளுகிறது. மூன்றரைக்கு மறுபடி தேத்தண்ணியும் பிஸ்கட்டும். நாங்கள் 16 பேர் இருக்கிறோம். பிறந்தநாள், பிள்ளை ஸ்கொலர்ஷிப் பாஸ், புது பைக் என்று வாரத்துக்கு ஒரு கேக்காவது வெட்டுகிறோம்.

அப்பாவுக்கு இதே சீனி வியாதியில்தான் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். தோட்டத்தில் 30 வருடம் மலை ஏறி இறங்கிய கால். அதனால் எனக்குப் பயம் இருக்கிறது. ஆனால் பக்கத்து மேசை அக்கா தன் மகன் பாஸான சந்தோஷத்தில் ஒரு துண்டு எடுத்து என் வாய்க்கே கொண்டுவரும்போது, வேண்டாம் என்றால் அந்தச் சந்தோஷத்தையே தள்ளிவிடுவது போல் இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தலவாக்கலைத் தம்பி:
அக்கா, முதலில் ஒன்று கேட்கிறேன், காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள்? நான் தேயிலை பெக்டரி ஒபிஸில் இருக்கிறேன். ஆறரைக்கு ஒரு பிளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறுவேன். பத்து மணிக்கு அந்த ரோல்ஸை விட முடியாததற்கு மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று ரொம்ப நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், அது வெறும் பசி என்று பிறகுதான் புரிந்தது. இப்போது முதல் நாள் இரவே கௌபியோ கடலையோ ஊறப் போட்டுவிடுகிறேன். காலையில் அவித்து அரைக் கோப்பை சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டு எடுத்துப்போகிறேன். பத்து மணித் தட்டு வரும்போது என் கையில் ஏற்கனவே ஏதோ இருக்கும். கையில் எதுவும் இல்லாதவனைத்தான் எல்லோரும் வற்புறுத்துவார்கள், இதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

தேத்தண்ணியையும் பாருங்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி சீனி, ஏறக்குறைய 40 கிராம். நான் இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன், இப்போது சீனியே இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு வரும் மணத்தைச் சீனி போடாமல் குடித்துப் பாருங்கள், அதற்குப் பிறகு சீனி போட மனம் வராது.

பதுளை நர்ஸ் அக்கா:
தங்கச்சி, 114 என்றவுடன் பயந்துவிடாதீர்கள். அசட்டையாகவும் விடாதீர்கள். வெறும் வயிற்றில் 100இலிருந்து 125 வரை என்றால் சீனி வியாதிக்கு முந்திய நிலை, 126உம் அதற்கு மேலும் இரண்டு தடவை வந்தால்தான் வியாதி என்று முடிவு செய்வார்கள். இந்த இடத்திலிருந்து திரும்பிவிடலாம். அமெரிக்காவில் உங்களைப் போன்ற நிலையில் இருந்தவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 வீதம் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதை இலக்காக வைத்தவர்களுக்கு வியாதி வருவது 58 வீதம் குறைந்தது. உங்கள் எடை 70 கிலோ என்றால் 5 கிலோதான் குறைக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்தால் நல்லது என்கிறது. தம்பி சொன்ன தேத்தண்ணிக் கணக்கே அதைத் தாண்டிவிட்டது, கேக் இன்னும் வரவேயில்லை. போத்தல் பானம் வாங்கும்போது லேபலில் சீனி அளவைக் காட்டும் வர்ண வட்டத்தைப் பாருங்கள், நம் நாட்டில் 2016இலிருந்து அது இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2க்குக் குறைந்தால் பச்சை. ரோல்ஸுக்கும் பெட்டிஸுக்கும் அப்படி ஒரு வட்டம் கிடையாது. உள்ளே கிழங்கு, வெளியே கோதுமை மா, அதை எண்ணெயில் பொரிப்பது. இனிக்காததால் அதில் சீனி ஏறாது என்று வார்டில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏறும்.

உங்கள் ஒபிஸில் 35 தாண்டிய மற்றவர்களையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குக் கூட்டிப்போங்கள். காசு இல்லாமல் சீனியும் பிரஷரும் பார்ப்பார்கள். 16 பேரில் நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நுவரெலியா மேரிகோல்ட்:
நான் அந்தத் தட்டைக் கொண்டுவருகிற ஆள், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஒபிஸில் எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்துக் கேக் சொல்வது நான்தான். வற்புறுத்தியும் கொடுத்திருக்கிறேன், அது பாசம் என்றுதான் நினைத்தேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வளரும்போது ஒரு வீட்டில் பலகாரம் சுட்டால் பத்து வீட்டுக்கும் போகும், வாங்காமல் விட்டால் மனத்தாங்கல் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் என்னோடு வேலைக்கும் வந்துவிட்டது.

போன வருடம் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் நான் கொடுத்த கேக்கை டிஷ்யூவில் சுற்றி மேசை லாச்சியில் வைப்பதைப் பார்த்தேன். கேட்டதும், “எனக்குச் சீனி தங்கச்சி, ஆனா ஒங்க மனசு கஷ்டப்படக்கூடாதுனுதான் வாங்குறேன்” என்றார். அன்று எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருடமாக வியாதிக்காரர் கையில் கேக்கைத் திணித்திருக்கிறேன்! அக்கா, அந்தப் பக்கத்து மேசை அக்காவிடம் அப்பாவின் கால் விஷயத்தைச் சொல்லுங்கள். கூட்டத்தில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். தெரிந்தால் அவர் கொடுக்கவே மாட்டார். நாங்கள் இப்போது கேக் காசில் பாதிக்குப் பப்பாசி, கொய்யா வாங்குகிறோம். கேக் வேண்டியவர்களுக்குச் சின்னக் கேக் ஒன்று இருக்கும், யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை.

மஸ்கெலியா:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எனக்குச் சரிவரவில்லை, மூன்றாவது வாரம் பழையபடி தட்டுக்குப் போய்விட்டேன். இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே ஒரு கடலை வடை, மற்ற நாளில் இல்லை. ஒன்பது மாதமாக நிற்கிறது. அப்புறம், பிஸ்கட் டின் முன்பு என் மேசையில் இருந்தது. அதைக் கேட்டு ஸ்டோர் அறைக்கு மாற்றினோம். எழுந்து போய் எடுக்க வேண்டியிருந்தால் பாதித் தடவை போகமாட்டோம்.

ஹட்டன்காரி:
எல்லோருக்கும் நன்றி, நேற்று முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தம்பி கேட்ட கேள்வி சரியாகப் பட்டது, நானும் காலையில் வெறும் தேத்தண்ணிதான்.

இன்று மதியம் அந்த அக்காவிடம் தனியாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தனக்கும் போன வருடம் 121 இருந்தது, அதற்குப் பிறகு பயத்தில் பார்க்கவே போகவில்லை என்றார். சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பத்து மணித் தட்டை நிறுத்த என்னால் முடியாது, மற்றவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், ஆனால் எங்கள் இரண்டு மேசைக்கும் வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிட்டோம்.

கௌபி ஊறப் போட்டிருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. தேங்காய்ப்பூ போட்டு எடுத்துப்போனால் பின்னேரம் வரை இருக்குமா?

தலவாக்கலைத் தம்பி:
நம் குளிரில் பத்து மணிவரை பயமில்லை அக்கா, பின்னேரத்துக்கு என்றால் தேங்காய்ப்பூவைக் கலக்காமல் வேறு டப்பாவில் எடுத்துப்போங்கள், கலந்து வைத்தால் புளித்துவிடும். வெங்காயமும் செத்தல் மிளகாயும் மட்டும் தாளித்துப் போட்டால் தேங்காயே தேவைப்படாது.