இன்டர்னல் மதிப்பெண்ணைக் காட்டிச் சோதனையில் உட்கார வைக்கலாமா?

மலைப்பாதை:
ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கிவந்து சேலத்தில் உளவியல் இளங்கலை படிக்கிறேன். முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வுக்காக எங்கள் வகுப்பையே ஆய்வகத்தில் உட்கார வைத்தார்கள். முதலில் நுண்ணறிவுத் தேர்வு. நான் கடைசிப் பிரிவில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்து, தீர்க்கவே முடியாத ஒரு புதிர். எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறோம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார்கள். அந்தத் தேர்வு முடிவு பொய் என்பது பிற்பாடு ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை நான் மக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வராதவர்களுக்கு இன்டர்னல் குறையும் என்றும் முன்பே எச்சரித்திருந்தார்கள். இது முறையா?

அஸ்தம்பட்டி முனைவர்:
உளவியல் படிக்க வந்துவிட்டுச் சோதனைக்கு உட்கார மாட்டேன் என்றால் எப்படி? சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். ஒவ்வொரு மாணவரோடும் அறையிலிருந்த மற்றவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். கூசாமல் தவறான விடை சொன்னார்கள். மாணவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறினார்கள். உண்மையை முன்பே சொல்லியிருந்தால் ஆஷுக்கு என்ன கிடைத்திருக்கும்?

தறிக்காரர் மகன்:
முனைவர் ஐயா, முன்பே சொல்லச் சொல்லி யார் கேட்டார்கள்? ஆஷ் சோதனை முடிந்ததும் மாணவர்களிடம் பேசி, நடந்தது இன்னது என்று விளக்கினார். இங்கே அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை.

மதிப்பெண் விஷயம் அதைவிட மோசம். கட்டளையிட்டால் ஒருவர் இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பாரா என்று 1961இல் பொய் அதிர்ச்சியை வைத்துச் சோதித்த உளவியலாளர் மில்கிராமை இன்றுவரை திட்டுகிறோம். அவர்கூட வந்தவர்களுக்கு நாலரை டாலர் கொடுத்து, உள்ளே என்ன நடந்தாலும் இந்தப் பணம் உங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மில்கிராமைவிடக் கறாராக நடந்துகொள்ள ஒரு கல்லூரித் துறைக்கு என்ன துணிச்சல்!

அஸ்தம்பட்டி முனைவர்:
உணர்ச்சிவசப்பட வேண்டாம். ஆய்வேட்டை முடிக்கச் சில மாதங்களே இருக்கும் மாணவர், கையில் காசில்லாமல் ஆட்களுக்கு எங்கே போவார்? புதிய பேருந்து நிலையத்தில் நின்று கூவி அழைப்பாரா? அமெரிக்காவிலும் முதலாண்டு மாணவர்களை வைத்துத்தான் பாதி உளவியல் எழுதப்பட்டது.

தறிக்காரர் மகன்:
அதனால்தான் 2010இல் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்தத் துறையையே உலுக்கியது: மேலை நாட்டுக் கல்லூரி மாணவர்களைப் பார்த்துவிட்டு மனிதர்கள் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது என்று. விடாமுயற்சியை அளக்க வேண்டுமா? அம்மாபேட்டைக்கு வாருங்கள், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருக்கும் எங்கள் அப்பாவின் முன் கடிகாரத்தை வையுங்கள். ஆசிரியருக்குப் பயந்து உட்காரும் பிள்ளை அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, அதற்கேற்ப நடக்கும். சோதனைக்கு வருபவர்கள் இப்படி ஊகித்து நடப்பதை 1962இலேயே உளவியலாளர் மார்ட்டின் ஓர்ன் எழுதிவிட்டார். கட்டாயத்தில் திரட்டிய தரவு உங்களுக்கே உதவாது ஐயா.

மலைப்பாதை:
நான் தேடிப் படித்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், ஆசிரியரின் அதிகாரத்துக்கு உட்பட்ட மாணவர்களைத் தனிப் பாதுகாப்பு வேண்டியவர்களாகவே வைக்கின்றன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் விதி இன்னும் நேரடியானது: பாடத்தின் பகுதியாகச் சோதனை இருந்தால், விரும்பாதவருக்கு அதற்கு ஈடான வேறு பணி தர வேண்டும்.

அஸ்தம்பட்டி முனைவர்:
மருத்துவ ஆய்வுக்கு எழுதியதை வகுப்பறைப் புதிருக்குப் பொருத்தாதீர்கள். இருந்தாலும் மாற்றுப் பணி என்பதை ஏற்கிறேன். ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதும் ஓடிவந்து சோதனையில்தான் உட்காரும், பாருங்கள்.

மலைப்பாதை:
உட்காரட்டுமே ஐயா, அது அவர்களாக எடுத்த முடிவாக இருக்கும். ஏமாற்றப்பட்டவர் உண்மை தெரிந்தபின் தன் தரவைத் திரும்பப் பெறலாம் என்றும் அதே அமெரிக்கச் சங்க விதிகளில் இருக்கிறது. என் தாளை ஆய்விலிருந்து நீக்கும்படி துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வகுப்பில் இன்னும் மூன்று பேர் கையெழுத்திடுவதாகச் சொல்கிறார்கள். நாளை காலை கொடுக்கிறோம்.