உதவி: வெல்டே படாத இடத்தில் 400 மெகாபாஸ்கல் எச்சத் தகைவு காட்டுகிறது

பூன்லே_மாணவன்:
வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக, மிக் வெல்டு போட்ட 5083-எச்116 அலுமினியத் தகட்டில் எச்சத் தகைவை (வெளி விசை இல்லாமலே உலோகத்துக்குள் தங்கிவிடும் தகைவு) லேசர் அல்ட்ராசானிக் முறையில், அதாவது லேசரால் ஒலியலை எழுப்பி அதன் வேகத்தை வைத்து, அளக்கிறேன். என்டி-யாக் லேசர் பல்ஸைக் கோடாகக் குவித்து, 20 மி.மீ. தள்ளி இன்டர்ஃபெரோமீட்டரில் ரேலி அலையை (மேற்பரப்பில் ஓடும் ஒலியலை) பிடிக்கிறேன். வந்துசேர 6.9 மைக்ரோ நொடி. உருட்டிய திசையில் வெட்டிய பட்டையை இழுத்துப் பார்த்து, தகைவுக்கு அலைவேகம் எவ்வளவு மாறும் என்ற மாறிலியும் எடுத்தாச்சு. ஆனால் வெல்டிலிருந்து வெகுதூரத்தில், சூடே படாத இடத்தில், உருட்டிய திசைக்கும் குறுக்குத் திசைக்கும் 55 நானோ நொடி வித்தியாசம். கணக்குப் போட்டால் 400 மெகாபாஸ்கல்! லென்ஸ், ஆஸிலோஸ்கோப் எல்லாம் மாற்றிப் பார்த்தும் அதே எண். வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரைப் பார்க்கணும்.

துவாஸ்_என்டிடி:
தம்பி, அந்தத் தகட்டின் யீல்டு வரம்பே (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) குறைந்தபட்சம் 215 மெகாபாஸ்கல்தான். 400 இருக்க வழியில்லை, நீங்கள் பார்ப்பது டெக்ஸ்சர். உருட்டும்போது உலோக மணிகள் ஒரே வாக்கில் திரும்பிவிடும், அலைவேகமும் திசைக்குத் திசை மாறும். தகைவால் வருவது ஆயிரத்தில் சில பங்குதான், டெக்ஸ்சர் அதை அமுக்கிவிடும். கருவியில் குறையில்லை. இரண்டு திசைகளை ஒன்றோடொன்று கழிக்காதீர்கள். அதே திசையில் தகைவில்லாத துண்டோடு ஒப்பிடுங்கள்.

பூன்லே_மாணவன்:
நன்றி அண்ணே. வெல்டு போட்டுத்தான் தகடு கைக்கு வந்தது, கூடவே ஒரு மீதித் துண்டு. அதை ஃபர்னஸில் வைத்துத் தகைவை எடுக்கலாமா?

மெட்டல்_அக்கா:
ஃபர்னஸ் வேண்டாம்பா. தகைவு போகிற அளவுக்குச் சூடாக்கினால் எச்116 பதமே (உருட்டலில் ஏறிய கடினம்) போய்விடும், மணியமைப்பும் மாறலாம். வயர்கட்டில் (மின்பொறிக் கம்பியால் வெட்டும் இயந்திரம்) ஒடுக்கமான பட்டையாக வெட்டுங்கள், வெட்டினாலே பெரும்பகுதி தளர்ந்துவிடும். வெல்டை ஒட்டிய பகுதிக்கு மட்டும் இது செல்லாது. அங்கே சூட்டில் மணிகளே மாறியிருக்கும். எல்லா அளவும் முடிந்தபின் அதே இடத்திலிருந்து பட்டை வெட்டி, மறுபடி அளந்தால்தான் சரியான பூஜ்யம் (தகைவில்லாத அளவு) கிடைக்கும்.

சூட்டையும் கவனியுங்கள். வெளியே 31 டிகிரி, லேபில் ஏர்கான் 23. அலுமினியத்தில் டிகிரிக்குச் சுமார் 0.02 சதவீதம் வேகம் குறையும். அந்த 8 டிகிரி மட்டுமே உங்கள் கணக்கில் 80 மெகாபாஸ்கல்! தகட்டில் தெர்மோகப்பிள் ஒட்டி, சூடு ஆறி நிலைத்தபின் ஆரம்பியுங்கள். நகர்த்தும் மேடையான ஸ்டேஜையும் விடாதீர்கள். 20 மைக்ரான் நகர்ந்தாலே 0.1 சதவீதம் பிழை.

பூன்லே_மாணவன்:
அக்கா, மீதித் துண்டில் இரண்டு திசையிலும் பட்டை வெட்டி அளந்துவிட்டேன். தகைவே இல்லாத பட்டைகளுக்கு இடையிலேயே 53 நானோ நொடி! உருட்டிய திசைப் பட்டையோடு தகட்டை ஒப்பிட்டால் மிஞ்சுவது 2 நானோ நொடி, அதாவது சுமார் 15 மெகாபாஸ்கல். இப்போது நம்ப முடிகிறது. அடுத்து வெல்டு ஓரம்.

துவாஸ்_என்டிடி:
அருமை தம்பி. வெல்டு ஓரத்தில் ஒரு புள்ளியிலாவது ஏஎஸ்டிஎம் ஈ837 தரத்தின்படி ரோசெட் (திரிபு அளக்கும் ஒட்டுக் கருவி) ஒட்டி ஹோல் டிரில்லிங் (சிறு துளை போட்டு, தளர்வை அளப்பது) செய்து சரிபாருங்கள். முதலில் லேசர் அளவு, பிறகு துளை, கடைசியில்தான் வயர்கட். துளைப் புள்ளியும் பட்டை வெட்டும் இடமும் தள்ளித் தள்ளி இருக்கட்டும்.