பூமுகக் கூரைப் பூக்கள்: ஹாஃப் டிராப் ரிப்பீட்டில் யோசனை வேண்டும்

வணக்கம். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் (முகப்பு மண்டபம்) மரக்கூரையில் 90 விதப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்களே, அந்தச் சாயலில் திரைச்சீலைத் துணிக்கு 4 கலர் டிசைன் தயாராகிறது. அச்சடிப்பது ரோட்டரி ஸ்க்ரீனில் (சுழலும் உருளை), அதன் சுற்றளவு 64 செ.மீ. அச்சு அகலம் 112 செ.மீ.

இப்போதைய டைல் (திரும்பத் திரும்ப வரும் கட்டம்) 16 செ.மீ. அகலம், 32 உயரம். ஹாஃப் டிராப் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு நெடுக்கு வரிசை டைல் உயரத்தில் பாதி, அதாவது 16 செ.மீ. இறங்கும். உயரத்தில் சிக்கலில்லை. ஆனால் 112-ல் 7 வரிசை வருகிறது. ஒற்றைப்படை என்பதால் இரண்டு அகலத்தை ஒட்டித் தைத்தால் இறங்காத வரிசையும் இறங்காத வரிசையும் பக்கத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு துண்டையும் 16 செ.மீ. தள்ளி வெட்ட வேண்டும், துணி வீண். டைலை 14 செ.மீ. ஆக்கினால் 8 வரிசை, இணைப்பு சரியாகும். ஆனால் பூவும் சுருங்கும்: இதழுக்குள் துணி நிறத்திலேயே விட்ட 0.4 மி.மீ. செதுக்குக் கோடு 0.35 ஆகிவிடும். பிக்மென்ட் பேஸ்ட் (அச்சு நிறக் கூழ்) பரவினால் அது அடைந்து, பூ வெறும் திட்டாகத் தெரியும். கோட்டை மட்டும் 0.6-க்குத் தடிப்பாக்கலாமா, இல்லை 6 வரிசையாக்கிப் பூவைப் பெரிதாக்குவது நல்லதா?

இன்னொன்று, பழைய மரம் போன்ற வெடிப்பு. அதையும் பூ டைலுக்குள்ளேயே வைத்தால் ஒரே வெடிப்பு சாய்வாக வரிசைகட்டி முதலில் கண்ணில் படுகிறது. வெடிப்பை மட்டும் 64 செ.மீ. முழுச் சுற்றுக்கு வரைந்து தனி ஸ்க்ரீனாகக் கொடுத்தவர்கள் இருந்தால், 5-வது ஸ்க்ரீன் செலவுக்கு ஏற்ற பலன் கிடைத்ததா? நாகர்கோவில், தக்கலை பக்கம் ரோட்டரிக்கு முன் கை ஸ்க்ரீனில் ஒரு மீட்டர் மாதிரி அடித்துத் தருபவர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.